போர் எத்தனை அடி?

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்
8 மே 2025, வியாழன் மாலை

பிரபு: எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஞாயிறு 11ஆம் தேதி காலை நிதினுக்கு நம் கோயிலில் காது குத்து. சமையல்காரர் இன்று ராத்திரிக்குள் ஆள் கணக்குக் கேட்கிறார். வீட்டுக்கு எத்தனை பேர் என்று மட்டும் போடுங்கள். தயவு செய்து வேறு எதுவும் போட வேண்டாம்.

தினேஷ்: வந்ததை அப்படியே அனுப்புகிறேன் 👇
அவசரம்!! இன்று இரவு 8 மணி முதல் சூலூர் சுற்றுவட்டாரத்தில் எல்லா விளக்கையும் அணைக்கவும். எஸ்-400 சுதர்சன சக்கரம் தயார். இனி எதிரியின் ஒரு அணுகுண்டுகூட நம் நாட்டுக்குள் நுழைய முடியாது. 10 பேருக்கு அனுப்பவும்!!

சரசு அத்தை: அய்யோ சாமி. மத்தியானத்திலிருந்து பிளேன் சத்தம் ஓயவே இல்லை. போர் வந்துவிடுமா

அப்பா: எந்தப் போர்

சரசு அத்தை: சண்டைங்கண்ணா. பாகிஸ்தான்

அப்பா: ஓ

கவிதா: விளக்கு அணைக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் எதுவும் சொல்லவில்லை. இப்போதுதான் பார்த்தேன். நேற்று கல்பாக்கத்தில் நடந்தது வெறும் ஒத்திகை.

பிரபு: ஆள் கணக்கு

நித்யா: நாங்கள் 3

வாத்தியார் மாமா: தினேஷ் மாப்பிள்ளை, விளக்கு விஷயம் பொய் என்று கவிதா சொல்லிவிட்டது, அதை விடு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. எஸ்-400 நல்ல ஆயுதம்தான், 2018இல் ரஷ்யாவோடு 5 தொகுதிக்கு 543 கோடி டாலர் பேசி ஒப்பந்தம் போட்டோம், விமானம் டிரோன் எல்லாம் தடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சாதாரண குண்டு பத்து வந்து ஒன்பதைத் தடுத்தால் அது வெற்றி. அணுகுண்டு பத்து வந்து ஒன்பதைத் தடுத்தால் மீதி அந்த ஒன்று ஒரு ஊரையே கொண்டுபோய்விடும். ஹிரோஷிமாவில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த 1945ஆம் வருடம் முடிவதற்குள் செத்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். நம்மிடமும் அவர்களிடமும் இப்போது ஆளுக்குச் சுமார் 170 இருக்கிறது.

நித்யா: அப்பா, சுருக்கமா

சரசு அத்தை: அவர் காபி குடிக்காமல் டைப் அடித்துக்கொண்டு இருக்கிறார்

தினேஷ்: மாமா, நேற்று ராத்திரி 15 ஊருக்குக் குறி வைத்து வந்ததைத் தடுத்ததாகச் சொல்கிறார்கள். லூதியானாவும் அதில் ஒன்று. எங்கள் பார்ட்டி அங்கேதான் இருக்கிறார், காலையிலிருந்து போன் எடுக்கவில்லை, ஒரு லோடு துணி வேறு ரோட்டில் நிற்கிறது. தடுப்பே வேண்டாம் என்று அவரிடம் சொல்வீர்களா?

வாத்தியார் மாமா: சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. வருகிற டிரோனைச் சுட்டுத் தள்ளத்தான் வேண்டும்.

கவிதா: பெரிய மாமா, உங்கள் வீட்டில் எத்தனை பேர்னு எழுதிக்கொள்ளட்டும்?

கவிதா: 🙏

சரசு அத்தை: கெடா ஒன்றா இரண்டா

பிரபு: ஆள் தெரிந்தால்தானே அத்தை

நித்யா: எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு பேரிடமும் கேடயம் இருந்தால் நல்லதுதானே, யாருக்கும் அடி விழாது?

வாத்தியார் மாமா: எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். 1960களில் ரஷ்யாக்காரன் மாஸ்கோவைச் சுற்றித் தடுப்பு ஏவுகணை வைக்க ஆரம்பித்ததும் அமெரிக்காக்காரன் சும்மா இருந்தானா? ஒரே ராக்கெட்டின் தலையில் மூன்று குண்டு வைத்தான், மூன்றும் தனித்தனி ஊருக்குப் போகும். அப்புறம் ரஷ்யாக்காரனும் அதையே செய்தான். காற்று இல்லாத உயரத்தில் ஏமாற்றுவதற்காக விடுகிற வெறும் பலூனும் குண்டும் ஒரே வேகத்தில்தான் வரும், எது குண்டு என்று ரேடாருக்கே குழப்பம், அதனால் தடுக்கிறவனுக்குத்தான் செலவு அதிகம். இது புரிந்துதான் 1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சனும் ரஷ்யத் தலைவர் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் கையெழுத்துப் போட்டார்கள், ஆளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் தடுப்பு வைக்கக்கூடாது என்று. 1974இல் அதையும் ஒன்றாகக் குறைத்தார்கள். அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் கட்டியதை 1975இல் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சில மாதத்திலேயே மூடிவிட்டது. உன் ஊரும் திறந்து கிடக்கட்டும், என் ஊரும் திறந்து கிடக்கட்டும், அந்தப் பயத்தில் இரண்டு பேரும் கை வைக்காமல் இருப்போம், இதுதான் கணக்கு. ஜனங்களைப் பணயமாக வைத்து வாங்கிய அமைதி. எத்தனையோ வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருந்தது.

தினேஷ்: இப்போது இல்லையா

வாத்தியார் மாமா: 2002இல் அமெரிக்க அதிபர் புஷ் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டார். 2018 மார்ச்சில் புதின் புதுப்புது ஏவுகணைகளைக் காட்டியபோது அந்த விலகலைத்தான் காரணமாகச் சொன்னார்.

நித்யா: மாமா ரெண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது நம் கிணற்றுக் கதை மாதிரியே இருக்கிறது

சரசு அத்தை: நித்யா வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு

தினேஷ்: 😂😂 ஆமாம். ஆளுக்கு மூன்று நாள் முறைத் தண்ணீர், தோட்டத்துக்குள் யாரும் போர் போடக்கூடாது. அப்பாரு பத்திரத்தில் எழுதியே வைத்தார். சித்தப்பா 2003இல் 600 அடி

அப்பா: திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு முதலில் யார் போன் போட்டது என்று உன் அப்பனைக் கேள்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: விசாரிக்கத்தான் போன் போட்டேன்

அப்பா: விசாரிக்க

பெரியப்பா: என் தென்னை 40 காய்ந்து நின்றது அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை

தினேஷ்: அப்புறம் நாங்கள் 850. அதற்கப்புறம் 2017இல் சித்தப்பா 1,100

நித்யா: கிணற்றில் இப்போது புறா குடியிருக்கிறது

அப்பா: அது வேறு இது வேறு

பிரபு: ஆள் கணக்குங்க

வாத்தியார் மாமா: இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். 1983 செப்டம்பர் 26, நடு ராத்திரி, ரஷ்யாவில் பெட்ரோவ் என்று ஒரு ராணுவ அதிகாரி ட்யூட்டியில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணை கிளம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அந்த மனுஷன் யோசிக்கிறார், அடிக்க நினைக்கிறவன் ஐந்தோடா நிறுத்துவான்? மெஷின் தப்பு என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணியிருக்கிறது. அவருக்கு யோசிக்கவாவது சில நிமிடம் கிடைத்தது, அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு வர அரை மணி நேரம் ஆகும். நமக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இருக்காது, ஒரு பந்தி இலை எடுப்பதற்குள் முடிந்துவிடும். இதில் கூரை போட்டாயிற்று, இனி அடிக்கலாம் என்று ஒரு கூட்டம் சந்தோஷப்படுகிறதே, எனக்கு அதுதான் பயம். கூரை இருக்கட்டும், அதைப் பார்த்து வருகிற தைரியம் இருக்கிறதே.

சரசு அத்தை: அந்த மனுஷனுக்குப் பரிசு கொடுத்தார்களா

வாத்தியார் மாமா: ரிஜிஸ்டரில் சரியாக எழுதவில்லை என்று திட்டினார்களாம்

சரசு அத்தை: உங்கள் பழைய ஹெட்மாஸ்டர் அங்கேயும் இருந்திருக்கிறார்

வாத்தியார் மாமா: நல்லதும் ஒன்று இருக்கிறது. ஒருத்தர் அணு நிலையத்தை இன்னொருத்தர் தாக்கக்கூடாது என்று 1988இல் நாமும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டோம். 1992 முதல் ஜனவரி 1ஆம் தேதி தவறாமல் அந்த நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் சண்டைக்கு அப்புறமும் நிற்கவில்லை. இந்த வருடமும் மாற்றினார்கள்.

நித்யா: நம் வீட்டில் இரண்டு பேர் எட்டு வருடமாகப் பொங்கலுக்குக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை

அப்பா: போதும்

கவிதா: தண்ணீருக்கு என்ன செய்வது என்று முதலில் சொல்லுங்கள். பந்திக்கும் பாத்திரத்துக்கும் இரண்டு லோடு வேண்டுமாம். நம் போரில் மூன்று வாரமாக வெறும் காற்றுதான் வருகிறது.

அப்பா: லாரி சொல்லிவிடு

பிரபு: லாரிக்காரர் சித்ரா பௌர்ணமிக் கூட்டம், ஞாயிறு முடியாது என்கிறார்

தினேஷ்: லூதியானா பார்ட்டி பேசிவிட்டார்!! வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம். ராத்திரி முழுக்க இருட்டு, தூங்கவே இல்லையாம்

சரசு அத்தை: மாரியாத்தா காப்பாற்றினாள்

தினேஷ்: பணம் மட்டும் அடுத்த மாதமாம்

பெரியப்பா: தண்ணீர் என் போரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மோட்டாரை நான்தான் போடுவேன். யாரும் ஸ்டார்ட்டரில் கை வைக்கக் கூடாது

பிரபு: சரிங்க பெரியப்பா. ரொம்ப சந்தோஷம். அப்படியானால் உங்கள் வீட்டில் 5 பேர் என்று எழுதிக்கொள்ளட்டுமா?

பெரியப்பா: தண்ணீர் வரும் என்றேன்

சரசு அத்தை: சின்னண்ணா ஒரு போன் போடுங்களேன்

அப்பா: அவர் போட்டால் எடுப்பேன்

நித்யா: 🤦‍♀️

பிரபு: சமையல்காரர் லைனில் இருக்கிறார். 120 என்று சொல்லிவிடுகிறேன், பெரியப்பா வீட்டையும் சேர்த்துத்தான்.

சரசு அத்தை: அப்ப கெடா இரண்டு