மிட்சம் ஜங்ஷன் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு

தெற்கு லண்டனில் வேலை கிடைத்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது: மிட்சம் ஜங்ஷன் பக்கம் வாடகைக்கு எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். ஆனால் விளம்பரத்தில் "மிட்சம் நிலையம் அருகில்" என்றிருந்தால் எந்த மிட்சம் என்று முதலில் கேளுங்கள். மிட்சம் என்ற பெயரில் டிராம் நிறுத்தம் மட்டும் உண்டு. மிட்சம் ஜங்ஷனில் டிராம், ரயில் இரண்டும் நிற்கும். 2008இல் திறந்த மிட்சம் ஈஸ்ட்ஃபீல்ட்ஸில் ரயில் மட்டும். வீட்டுத் தரகர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்; மழையில் நடக்கப்போவது நீங்கள்.

ஜங்ஷன் நிறுத்தம் மிட்சம் காமன் என்ற பெரிய திறந்தவெளியை ஒட்டியிருக்கிறது. இரவில் ஆள் நடமாட்டம் குறைவு. இருட்டிய பிறகு ஒருமுறை அங்கிருந்து வீடுவரை நடந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

விம்பிள்டனுக்கும் கிழக்கு கிராய்டனுக்கும் டிராம். விக்டோரியா, பிளாக்ஃபிரையர்ஸ், செயின்ட் பாங்க்ரஸ் போக ரயில். 127ஆம் எண் பஸ் டூட்டிங் பிராட்வேக்குப் போகும். நம் ஊர் மளிகைக்கும் தோசைக்கும் பெரும்பாலோர் போகிற இடம் அதுதான். 1997இல் மூடிய பழைய ரயில் பாதையின் மேல்தான் 2000இல் இந்த டிராம் வந்தது. அதனால் விம்பிள்டன் பக்கம் போக்குவரத்து நெரிசலில் சிக்காது. கிராய்டன் நகருக்குள் மட்டும் தெருவில் ஊர்ந்து போகும். அங்கே பாதை ஒருவழி வட்டம் என்பதால் இறங்கிய நிறுத்தத்திலேயே திரும்ப ஏற முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பணம் வீணாவது கட்டணக் கருவியில் கார்டைத் தொடுவதில்தான். டிராமுக்கு ஏறும் முன் நடைமேடையிலுள்ள கருவியில் ஒருமுறை தொட்டால் போதும், இறங்கும்போது தொட வேண்டாம். ரயிலுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். ஜங்ஷனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ரயிலிலிருந்து டிராமுக்கு மாறினால் ரயில் கருவியில் தொட்டுப் பயணத்தை முடியுங்கள். பிறகு டிராம் கருவியில் தொட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். முதலாவதை விட்டுவிட்டால் ரயிலுக்கு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். இரண்டாவதை விட்டுவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் பாதி. "எனக்குத் தெரியாது" என்ற பதிலை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

விம்பிள்டனில் ஏறும்போது கூடுதல் சங்கடம். டிராம் நிற்பது ரயில் நிலையத்துக்குள்ளே. வாயிலில் தொட்டு நுழைந்த பின், டிராம் நடைமேடையிலுள்ள கருவியிலும் மறக்காமல் தொடுங்கள்.

டிராமிலும் பஸ்ஸிலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஆய்ஸ்டர் (பணம் போட்டு வைக்கும் லண்டன் பயண அட்டை) அல்லது வங்கி கார்டு வேண்டும். 2025இல் ஒரு பயணத்துக்கு 1.75 பவுண்ட். முதல் முறை தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை டிராம், பஸ் மாறி ஏறினாலும் அதே ஒரு கட்டணம்தான். கிராய்டனிலிருந்து டிராமில் வந்து, இங்கே 127 பிடித்து டூட்டிங் போனாலும் ஒரே கட்டணம். ஒரு நிபந்தனை: காலையில் கைப்பேசி, மாற்றும்போது பிளாஸ்டிக் கார்டு என்று தொடாதீர்கள். வங்கிக் கணக்கு ஒன்றே என்றாலும் இரண்டு பயணிகளாகத்தான் கணக்கிடும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிராமும் பஸ்ஸும் இலவசம். அதற்கு மேல் 15 வரை ஸிப் ஆய்ஸ்டர் என்ற பிள்ளைகளுக்கான பயண அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். டிராவல்கார்டு (குறிப்பிட்ட கட்டண மண்டலங்களுக்கான பயணச்சீட்டு) வைத்திருப்பவர்கள் அதில் 3 முதல் 6 வரையிலான ஏதாவது ஒரு மண்டலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிராமுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

வீட்டுச் சாமான் வாங்க கிராய்டன் பக்கமாக ஆம்பியர் வே நிறுத்தத்தில் இறங்குங்கள். பழைய மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள் தெரியும், அங்கேதான் ஐகியா. பாத்திரம், விளக்கு எல்லாம் டிராமிலேயே வரும். கட்டிலுக்கு டெலிவரி சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அட்டைப்பெட்டியோடு நிற்கிறவரை யாரும் வாழ்த்த மாட்டார்கள்.

இரவு நேரம் கழித்து கிராய்டனிலிருந்து வருகிறவர்கள் முகப்புப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். சில டிராம்கள் பணிமனை இருக்கும் தெரப்பியா லேனோடு நின்றுவிடும். அது ஜங்ஷனுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். அந்த நேரத்தில் நடக்கக்கூடிய வழி அல்ல.