புதுப்பிப்பு: அன்று எல்ஃபபாவாக வந்தது யார்?

அமெரிக்காவில் வியாழனன்று வரும் நன்றி தெரிவித்தல் நாளுக்கு மறுநாள் ‘விக்கெட்’ (Wicked) இசை நாடகத்தின் சுற்றுப்பயணக் காட்சிக்குப் போகிறோம், விடுமுறையில் நாயகியான சூனியக்காரி எல்ஃபபாவாக முதன்மை நடிகையே மேடையேறுவாரா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரி, பார்த்துவிட்டு வந்தாயிற்று. மதியக் காட்சியில் எல்ஃபபாவாக வந்தவர் மாற்று நடிகை. அரங்க முகப்புப் பலகையில் பெயர் போட்டிருந்தார்கள்.

அமெரிக்கச் சுற்றுப்பயணக் குழுக்கள் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள் போடும். வியாழனன்று விடுமுறை விட்டால் அந்தக் கணக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று இரண்டிரண்டாக வந்து விழும். எல்ஃபபா வேடமோ குரலைப் பிழிந்தெடுப்பது. அதற்கென்றே தனியாக ஒருவரை எப்போதும் தயாராக வைத்திருக்கிறார்கள்.

பலகையைப் பார்த்ததும் என் மகளின் முகம் வாடிவிட்டது. அப்புறம் முதல் பாதியின் முடிவில் அந்த மாற்று நடிகை உயரே எழும்பிப் பாடியபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறையும் இவரே வரட்டும் என்கிறாள்.