இன்சுலினுக்கு அசையாத சர்க்கரை நடந்தா மட்டும் எப்படி இறங்குது?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 12 வருஷமா சர்க்கரை. ராத்திரி மூணு இட்லி, ஒன்றரை மணி நேரம் கழிச்சுக் குத்திப் பார்த்தா 214. சாப்பிட்டதும் மொட்டை மாடியில 20 நிமிஷம் நடந்த அன்னைக்கு அதே மூணு இட்லிக்கு 168. ரெண்டு வாரமா நோட்டுல எழுதிட்டு வர்றேன், இப்படியேதான் இருக்கு. "இன்சுலின் சுரக்குது, உடம்புதான் கேட்க மாட்டேங்குது"ன்னு டாக்டர் சொன்னார். அப்போ நடந்தா மட்டும் ஏன் கேட்குது? இன்சுலின் சாவி, செல் பூட்டுங்கிற கதை வேண்டாம். உள்ளே நடக்கிறதைச் சொல்லுங்க.

செல்லறை:
எட்டு வருஷம் செல் வளர்க்கும் லேபில் இருந்தவள் நான். அம்மாவின் நோட்டு பொய் சொல்லவில்லை.

செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்புப் படலம். குளுக்கோஸ் அதைத் தானாகத் தாண்டாது, ஒரு புரதம் கடத்திவிட வேண்டும். வெளிப்பக்கம் வாய் திறந்து குளுக்கோஸை வாங்கும், மூடிக்கொண்டு உள்பக்கம் திறந்து விடும். இந்தக் கடத்தும் புரதங்களுக்குக் குளுட் என்று பெயர், வகைக்கு ஓர் எண். சிவப்பணுவில் இருக்கும் குளுட்1 எப்போதும் படலத்திலேயே நிற்கும். தசையிலும் கொழுப்பிலும் உள்ள குளுட்4 அப்படியல்ல. வெறும் வயிற்றில் அதில் பெரும்பகுதி செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் கிடக்கும். இன்சுலின் வந்தால் அந்தப் பைகள் மேலேறிப் படலத்தோடு சேரும். 1980-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலியின் கொழுப்புச் செல்லில் இதைக் கண்டன.

நானே பார்த்திருக்கிறேன். குளுட்4-இல் பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டியிருந்தோம். முதலில் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குவியல். இன்சுலின் விட்டுப் பத்து, பதினைந்து நிமிஷத்தில் செல்லின் ஓரம் முழுக்கப் பச்சை வளையம். அன்று மதியம் சாப்பிடவே போகவில்லை.

பைகளை உள்ளே பிடித்து வைப்பது ஏஎஸ்160 என்ற புரதம். இன்சுலின் செய்தி பிஐ3கே, ஏகேடி என்ற செய்தி கடத்தும் புரதங்கள் வழியாக வந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். அம்மா மாதிரி ஆட்களுக்குத் தசையில் குளுட்4 குறைந்துபோவதில்லை, மேலேற்றும் செய்திதான் வழியில் மங்குகிறது. தசை சுருங்கும்போது கிளம்பும் செய்தி வேறு: கால்சியம், செல்லில் ஆற்றல் குறைந்தால் விழிக்கும் ஏஎம்பிகே என்ற புரதம். அது பிஐ3கே பக்கமே போகாது. வோர்ட்மானின் என்ற மருந்தால் பிஐ3கே-வை அடைத்தால் இன்சுலின் வழி நின்றுவிடும், சுருங்கும் தசையோ குளுக்கோஸை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அம்மா மாடியில் திறப்பது இந்த இரண்டாவது வழியை.

கொடிக்கால்:
நடையை நிறுத்தினதும் எல்லாம் திரும்ப உள்ளே போயிடுமா? எனக்கு டாபாகிளிப்ளோசின்னு ஒரு சர்க்கரை மாத்திரை கொடுத்திருக்காங்க, அதுவும் இதே குளுட்டா?

செல்லறை:
போகும், சில மணி நேரத்தில். ஆனால் வேலை செய்த தசை மறுநாள் வரைகூட இன்சுலினுக்கு நன்றாக இசையும். மாசக்கணக்கில் நடந்தால் தசை குளுட்4-ஐயே கூடுதலாகச் செய்துகொள்ளும். உங்கள் மாத்திரை வேறு கதை. அது சிறுநீரகத்தில் எஸ்ஜிஎல்டி2-ஐ அடைக்கிறது. சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோஸை ரத்தத்துக்குத் திருப்பும் புரதம் அது. அதை அடைத்தால் மிச்சச் சர்க்கரை சிறுநீரில் போய்விடும்.

வைகைக்கரை, அம்மா என்ன மாத்திரை?

வைகைக்கரை:
மெட்ஃபார்மின், கிளிமிபிரைட். ரெண்டும் காலையும் ராத்திரியும்.

செல்லறை:
கிளிமிபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கூடவே நடையும் சேர்ந்தால் சில நாள் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை வந்தால் உடனே நடையை நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அந்த நோட்டை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை அளவை அவர் பார்க்கட்டும்.