லீவர் ரைபிளால் கூடூ மான் வேட்டை

கேள்வி (டர்பன்): தாத்தாவின் வின்செஸ்டர் 1894 லீவர் ரைபிள் (நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி), 30-30 தோட்டா போடுவது, உரிமம் மாறி என் கைக்கு வந்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் முட்காட்டில் கூடூ வேட்டைக்கு அது போதுமா, ஐயா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நூறு மீட்டருக்குள் நெருங்க முடிந்தால் போதும், தம்பி. கூர்முனைத் தோட்டாவை மட்டும் போடாதீர்கள். குழாய் மேகசினில் (தோட்டாக்களை நிரப்பும் குழாயில்) தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், சுடும் அதிர்வில் பின்னதன் முனை முன்னதன் அடியிலுள்ள பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் மூடியை) குத்தி வெடிக்கவைத்துவிடலாம். தட்டைமுனைதான் சரி.

மறுமொழி (டர்பனிலிருந்து இன்னொருவர்): வளர்ந்த ஆண் கூடூ 200 கிலோவைத் தாண்டும் என்பதால், அது முழுப் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவையுங்கள். புதருக்குள் காது அசைவதுதான் முதலில் தெரியும். குளிர்காலத்திலேயே போய் வந்தால், புரட்டாசி விரதத்துக்கு முன் பில்டாங்கும் (உப்பு, மசாலா தடவி உலர்த்தும் இறைச்சி) காய்ந்து தீர்ந்துவிடும்!

கேட்டவர்: நன்றி, ஐயா. வீட்டிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் தட்டைமுனைதான்.