மலையேறும்போது மட்டும் மிஸ்ஸிங்: இன்ஜெக்டரை மாற்றத்தான் வேண்டுமா?

சேலம்வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு மாடல், நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுகிறது. நகருக்குள் மெதுவாகச் செல்லும்போதும் குறை தெரியவில்லை. ஆனால் ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவைக் கடந்து மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வண்டி வெட்டி வெட்டி ஏறுகிறது. காலைத் தளர்த்தியதும் சரியாகிவிடுகிறது. செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0303 என்று வந்தது. பட்டறையில் ஏர் ஃபில்டரை மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தும் பயனில்லை. இப்போது பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய ஸ்பேனர்:
நண்பரே, குறியீட்டின் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள்: மூன்றாவது சிலிண்டரில் மட்டுமே எரிதல் தவறுகிறது, அதாவது மிஸ்ஸிங். ஏர் ஃபில்டரும் த்ராட்டிலும் நான்கு சிலிண்டருக்கும் பொதுவானவை என்பதால், அவற்றில் செலவழித்தது வீண்தான். அழுத்தும்போது மட்டும் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. பலவீனமான ஸ்பார்க் பிளக்கிலும் முனைகளுக்கு இடையிலான இடைவெளியில் பொறி தாவிவிடும். த்ராட்டில் திறந்து அழுத்தம் உயர்ந்ததும், அதே இடைவெளியைத் தாண்ட மிகக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல், பிளக்கின் பீங்கான் மேல் எங்கே எளிய வழி கிடைக்கிறதோ அங்கே கசிந்து எஞ்சின் தலைக்குள் இறங்கிவிடும்.

உங்கள் வண்டியில் பிளக்குக்கு ஒரு காயில், அதாவது பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் பாகம், இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின், மூன்றாம் சிலிண்டரின் காயிலை ஒன்றுக்கும், ஒன்றின் காயிலை மூன்றுக்கும் மாற்றிப் பொருத்துங்கள். குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் ஏறுங்கள். பி0301 வந்தால் குற்றவாளி காயில். மீண்டும் பி0303 வந்தால், மூன்றின் பிளக்கை நான்குக்கு மாற்றி இன்னொரு முறை பாருங்கள். பிளக்கைக் கழற்றும் முன் அது இருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும்.

மதுரை வழிப்போக்கர்:
அவர் சொன்ன வரிசை சரிதான். ஆனாலும் இன்ஜெக்டரை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். பாதி அடைத்த இன்ஜெக்டர் ஐடிலுக்குப் போதுமான பெட்ரோலைத் தந்துவிட்டு, இழுவை தேவைப்படும் நேரத்தில் கைவிடுவதுண்டு. காயிலும் பிளக்கும் தேறிவிட்டால், மூன்றாம் இன்ஜெக்டரை மட்டும் இடம் மாற்றிப் பார்க்கலாம். நான்கையும் வாங்க வேண்டிய அவசியமில்லை. என் பழைய காரில் பி0300 வந்தது, அதாவது எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாத குறியீடு. அதற்குக் காரணம் தளர்ந்துபோன பெட்ரோல் பம்ப். உங்கள் கதை அதுவன்று.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் உடனே காலைத் தளர்த்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகினால், இன்ஜெக்டர் விலையே மலிவாகத் தோன்றும்.

சேலம்வாசி:
இருவருக்கும் நன்றி. காயிலை மாற்றியபோது பி0303 அப்படியே இருந்தது. பிளக்கை நான்குக்கு மாற்றியதும் பி0304 வந்துவிட்டது. மூன்றாம் குழிக்குள் எஞ்சின் ஆயில் தேங்கியிருந்தது. அந்தப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்டதைப் போல ஒரு கறுப்பு வரி தெரிகிறது, துடைத்தால் போகவில்லை. கைப்புத்தகம் பிளக் முனைக்கு 1.1 மில்லிமீட்டர் இடைவெளி என்கிறது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜில் நான்குமே 1.4ஐத் தாண்டுகின்றன. மூன்றுக்கு மட்டும் புதுப் பிளக் போட்டால் போதுமா?

பழைய ஸ்பேனர்:
போதாது. அந்தக் கறுப்பு வரிதான் மின்சாரம் கசிந்த தடம். முதலில் மூன்றில் இருந்து இப்போது ஒன்றில் இருக்கும் காயிலின் ரப்பர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பீங்கானில் உள்ள வரிக்கு நேராக அங்கும் ஒரு தடம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிட்டால் புதுப் பிளக்கும் சில வாரங்களில் அதே கதிக்கு ஆளாகும். ரப்பர் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள்; கிடைக்காவிட்டால் அந்தக் காயிலையே மாற்ற வேண்டியதுதான். ஆயில் மேலே டேப்பட் கவரிலிருந்து, அதாவது எஞ்சின் தலையின் மேல்மூடியிலிருந்து, இறங்குகிறது. கவர் கேஸ்கெட்டோடு பிளக் குழியைச் சுற்றியுள்ள சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சீலை மறக்கும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடைவெளி இவ்வளவு தேய்ந்திருப்பதால் பிளக் நான்கையும் மாற்றுங்கள். எஞ்சின் தலை அலுமினியம், ஆகவே முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முடுக்கி, கடைசியில், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள்.

சேலம்வாசி:
ரப்பருக்குள் நீங்கள் சொன்ன தடம் அப்படியே இருந்தது, தனியாகவும் கிடைத்தது. சீல்கள், கேஸ்கெட், நான்கு பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. நேற்று நால்வரும் மூட்டைகளுமாக ஏற்காடு வரை ஏறினோம். வெட்டல் இல்லை, குறியீடும் திரும்பவில்லை. குழிக்குள் மறுபடி ஆயில் இறங்குகிறதா என்று பத்து நாள் கழித்துக் காயிலைக் கழற்றிப் பார்க்கவிருக்கிறேன். இன்ஜெக்டர்கள் பழையவையேதான்.