சாமி சித்தியடைந்த பிறகு மடத்தை எப்படி நடத்துவது?

காவேரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சாமிக்கு முதல் குருபூஜை முடிந்துவிட்டது. கும்பகோணம் பக்கத்தில் கிராமம். ஒரு ஓட்டு வீடு, கொட்டகை, வெள்ளிக்கிழமை பஜனை, பௌர்ணமிக்குச் சாப்பாடு, இவ்வளவுதான் மடம். சாமி யாரையும் வாரிசாகச் சொல்லவில்லை. அவருடைய தங்கை மகனை அடுத்த சாமியாக உட்கார வைக்கணும் என்கிறது ஒரு கோஷ்டி. நல்ல பையன்தான், ஆனால் பேச்சை எடுத்தாலே நெளிகிறான். முதலில் கற்கோயில், உடனே நன்கொடைப் புத்தகம் அடிப்போம் என்கிறது இன்னொரு கோஷ்டி. இடம் இன்னும் ஒரு பக்தர் பெயரில் இருக்கிறது. சாமி பேசிய கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கணக்கு எழுதுபவன் நான் என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். குரு போன பிறகும் நன்றாக நடக்கும் இடங்களில் என்ன செய்தார்கள்?

கிரிவலப்பாதை:
ஐயா, நான் திருவண்ணாமலைக்காரன். ரமணாஸ்ரமத்தில் பரிமாறவும் செருப்பு பார்க்கவும் போய்வருபவன், அதனால் அந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பகவானும், அதாவது ரமண மகரிஷியும், ஆன்மிக வாரிசு என்று யாரையும் வைக்கவில்லை. ஆனால் நிர்வாகம் யாருக்கு என்பது எழுத்தில் இருந்தது. அதுவும் சும்மா வரவில்லை. 1930களில் பழைய தொண்டர் ஒருவரே ஆசிரமம் யாருடையது என்று கோர்ட்டுக்குப் போனார். கமிஷன் வந்து பகவானையே விசாரித்தார்கள். அப்புறம்தான் 1938ல் உயில். கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார் பகவான். தம்பி நிரஞ்சனானந்த சுவாமி நிர்வாகம் பார்ப்பது, அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடராமன். 1950 ஏப்ரல் 14ல் பகவான் மகாநிர்வாணம், 1953ல் தம்பியும் போனார், மகன் பொறுப்புக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். அவர் உபதேசம் செய்ய உட்காரவில்லை. பழைய ஹாலில் சோபா மேல் இன்றைக்கும் பகவான் படம்தான் இருக்கிறது. உங்கள் பையன் நெளிகிறான் என்றால் எனக்கு அவன் மேல் மரியாதைதான் வருகிறது. சாவிக்கொத்தைக் கொடுங்கள், ஆசனத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கற்கோயில். 1950க்குப் பிறகு கூட்டம் கலைந்தது, பணமும் வற்றியது. இருந்த கொஞ்சம் பேர் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. வேத பாராயணம், சாயங்காலம் தமிழ்ப் பாராயணம், மத்தியானம் சாதுக்களுக்குச் சாப்பாடு என்று பகவான் இருந்தபோது நடந்ததை நேரம் தவறாமல் நடத்தினார்கள். 1964 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேய பக்தர் ஆசிரியராக இருந்து ‘மவுண்டன் பாத்’ பத்திரிகையைத் தொடங்கினார். சமாதிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1967ல். பதினேழு வருஷம் சார்! கல் முதலில் வந்திருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பகவானின் பக்தரும் கவிஞருமான முருகனார் விஷயம். அவர் பாட்டுப் பாட்டாக எழுதிக்கொண்டே இருந்தவர், தொகுப்பதில் அக்கறை இல்லாதவர். அந்தக் கையெழுத்துக் குவியலை சாது ஓம் என்ற இன்னொரு பக்தர் உட்கார்ந்து பிரித்து, விஷய வாரியாக அடுக்கினார். முருகனார் 1973ல் போய்விட்டார். பாட்டுகள் ‘ஸ்ரீ ரமண ஞான போதம்’ என்று 9 தொகுதிகளாக வந்தன, வெளியிட்டது டெல்லி ரமண கேந்திரம். மாலை மரியாதை எதுவும் கிடைக்காத வேலை அது. உங்கள் பரணில் கிடக்கும் பெட்டியும் அதே வேலையைத்தான் கேட்கிறது.

வடலூர்ப்பக்கம்:
மேலே சொன்னவரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். நிர்வாகம் ரத்த வழியில் போனது அங்கே சரியாக அமைந்தது, எல்லா ஊரிலும் அமையாது. வடலூரைப் பாருங்கள். 1867 மே 23ல் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1874 தையில் மேட்டுக்குப்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டார். குடும்பம் எதுவும் பின்னால் இல்லை. அடுப்பு இன்னும் எரிகிறது. தைப்பூசத்துக்கு அரிசியும் காய்கறியும் ஊர் ஊராக வந்து இறங்குகின்றன. இன்றைக்கு நிர்வாகம் அறநிலையத் துறையிடம், அதில் குறை சொல்பவர்களும் உண்டு. வள்ளலார் பாடிய திருவருட்பாவின் ஆறாம் திருமுறை அச்சேறியதே 1885ல். அதனால் கேசட்டுக்கு அவசரப்படாதீர்கள், பௌர்ணமிச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஒலிப்பெட்டி:
அவசரப்படாதீர்கள் என்பது ஏட்டுக்குச் சரி, கேசட்டுக்குச் சரியில்லை. ஓட்டு வீட்டுப் பரணில் வெயிலும் ஈரமும் மாறி மாறி அடித்தால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். முதலில் பெட்டியைக் கீழே இறக்குங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் வீட்டு பிளேயரில் போடவே போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். மேலே எழுதியிருக்கும் தேதி, ஊர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு, பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பிரதி மூன்று பேர் வீட்டிலாவது இருக்கட்டும்.

காவேரிக்கரை:
பெட்டியை இறக்கிவிட்டேன். சில கேசட்டில் வெள்ளை தெரிகிறது. தங்கை மகனிடம் சாவி மட்டும் என்று சொன்னதும் ‘அப்பாடா’ என்றான். ஆனால் இடம் வைத்திருக்கும் பெரியவர் தங்கமானவர், அவரிடம் பத்திரம் என்று வாயெடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

கிரிவலப்பாதை:
தங்கமானவர் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு ஐயா. அவருக்கு எத்தனை பிள்ளைகள், மருமகன் எப்படி என்று யாருக்குத் தெரியும்? முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். டிரஸ்ட் பத்திரம் பதிவான பிறகு அவர் டிரஸ்ட் பெயருக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும், பட்டாவையும் கையோடு மாற்றிவிடுங்கள். டிரஸ்டிகளில் அவரும் ஒருவராக இருக்கலாம். கற்கோயில் கோஷ்டியிலிருந்தும் ஒருவரைச் சேருங்கள், வெளியே நின்றால் சத்தம் அதிகமாகும். நன்கொடைப் புத்தகம் அடிப்பதானால் பேங்க் கணக்கு டிரஸ்ட் பெயரில் ஆன பிறகு அடியுங்கள், அதுவரை உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.