மறு: டங் வெயிட்டுக்கு ‘முன்பாரம்’ என்றே வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். மிலிட்டரி டிஸ்போசலில் கழித்த ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை என் மச்சான் ஆவடிப் பக்கம் ஒரு வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார். பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டி அதைக் கடலூர் முதுநகருக்குக் கொண்டுவர வேண்டும். கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டத்தான், டிரெய்லர் பாகங்களின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டேன். படிக்கப்போகிறவர்கள் மெக்கானிக்கும் ஓட்டுநரும். அவர்களுக்கு ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். சொல்லைத் தேர்வதற்கு எனக்கு வேறு அளவுகோல் இல்லை.

> டங் வெயிட் = நாக்கு எடை, அல்லது சுருக்கமாக நாவெடை

ஐயா, டிரெய்லரின் முன்நுனி இழுக்கும் வண்டியின் கொக்கியை அழுத்தும் எடைக்கு நீங்கள் தந்த இந்தச் சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. ‘நாவெடை எவ்வளவு?’ என்று கேட்டால் பட்டறையில் யாருக்கும் எதுவும் புரியாது. அதைவிட முக்கியம், இந்தப் பொருளுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் கரும்பு ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். டிரெய்லரின் வளையம் கொக்கியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்ததும், ‘முன்பாரம்னு சொல்லு தம்பி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் அன்றாடப் பேச்சு. பாரம் அச்சுக்கு முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் வண்டியிலிருந்து நுகத்தடி வரை நீளும் ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால்தான் ஏற்றும்போதே ஒருவர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு கட்டு முன்னால தள்ளு’ என்பார். டிரெய்லருக்கும் இதேதான். மாட்டின் இடத்தில் பிக்கப் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒற்றை அச்சு டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மொத்தம் 600 கிலோ என்றால் கொக்கியின் மேல் 60 முதல் 90 கிலோ உட்கார வேண்டும். இதைவிடக் குறைந்தாலோ பின்பாரமாகவே ஆகிவிட்டாலோ, வேகம் கூடக்கூட டிரெய்லர் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும். இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடிய வீச்சு அது. சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ‘முன்பாரம்’ என்ற சொல்லுக்குள்ளேயே பாரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. ‘நாவெடை’யில் அது இல்லை.

> காலி டிரெய்லர்தானே வருகிறது, முன்பாரம் பற்றி இப்போதே ஏன்?

நியாயமான கேள்வி. காலியாகத்தான் வரும் என்று யார் சொல்ல முடியும்? வியாபாரி இனாமாகக் கொடுக்கும் இரும்புப் பெட்டியைப் பின்கதவோரமாகப் போட்டாலே கணக்கு மாறிவிடும். அப்புறம் உயரம். பிக்கப்பின் கொக்கி டிரெய்லர் வளையத்தைவிட உயரத்தில் இருந்தால், பூட்டியதும் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும், பாரம் பின்னால் சாயும். சமதரையில் பூட்டிவிட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று டிரெய்லரின் தளம் மட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். அளப்பதும் பெரிய வேலை இல்லை. மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசை டிரெய்லரின் முன்சட்ட நுனிக்குக் கீழே வைத்து, பூட்டும் உயரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினால் முன்பாரம் தெரிந்துவிடும்.

முன்பாரத்தை ஏற்றால் மற்றச் சொற்களும் அதே வீட்டிலிருந்து வந்துவிடும் என்பது என் எண்ணம். டிரெய்லரின் முன்னால் நீளும் சட்டம் ஏர்க்கால். இரண்டு சட்டங்கள் கவடாக வந்து சேர்ந்தால் கவட்டை ஏர்க்கால். அவிழ்த்து நிறுத்தும்போது முன்னால் ஊன்றும் கால் முட்டுக்கால். சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் பகுதி குடம். பேரிங், கிரீஸ், டயர் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம். அவற்றுக்குச் சொல் தேடும் நேரத்தில் டயரைப் பார்த்துவிடலாம். படை முகாமில் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் டயரில் பட்டை தேய்ந்திருக்காது, ஆனால் பக்கச் சுவர் வெடித்திருக்கும். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அப்படிப்பட்ட டயரில் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

> பின்டில் ஹூக், பால் ஹிட்ச் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘இணைப்பி’

அகராதிக்கு இது சரி. ஆனால் இதே டிரெய்லரில் விளக்குக்கான மின் இணைப்பியும் இருக்கிறது. ‘இணைப்பியைச் சரிபார்’ என்று தாளில் எழுதினால் ஒருவர் ஒயரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். படை வண்டிகளின் கொக்கிக்கு, அதாவது பின்டில் ஹூக்குக்கு, ஒரு தனித்தன்மை உண்டு. மேல்தாடை திறந்து, வளையத்தை விழுங்கி, மூடிக்கொள்ளும். மேடு பள்ளத்தில் இரண்டு வண்டியும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டாலும் வளையம் உள்ளே சுழன்று இடம் கொடுக்கும். கார்களில் வரும் பந்து மாதிரிக்கு, அதாவது பால் ஹிட்ச்சுக்கு, அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே படை வண்டியினுடையது கவ்வுகொக்கி, மற்றது பந்துக்கொக்கி. செயலுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். மாட்டைப் பூட்டுகிறோம், அவிழ்க்கிறோம். டிரெய்லரையும் பூட்டுவோம், அவிழ்ப்போம்.

தாடை மூடியதும் அதன் தாழ் திறந்துகொள்ளாமல் ஒரு சின்ன ஊசி குறுக்கே போகும். அதற்குக் கடையாணி என்றே சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாட்டு வண்டியில் சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி, இங்கே வளையம் கழன்றுவிடாமல் காப்பது இது. தாளில் இந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதப்போகிறேன்: ‘தாடை மூடியதா, தாழ் விழுந்ததா, கடையாணி போட்டதா, கையால் தொட்டுப் பார்.’

> லூனெட் ரிங் = பிறைவளையம்

புதுச்சேரி நண்பருக்கு: பிரெஞ்சில் அது ‘சின்ன நிலா’ என்று நீங்கள் எடுத்துக் காட்டியது அழகு. ஆனால் கையில் இருக்கும் பொருள், கொக்கி கவ்வும் அந்த வளையம், முழு வட்டம். படைத்தரத்தில் அதன் உள்விட்டம் 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். பிறை என்றால் ஒரு பக்கம் உடைந்த வளையம் என்றே படிப்பவர் நினைப்பார். ‘ஏர்க்கால் வளையம்’ என்று வைத்தால் எங்கே இருக்கிறது என்பதும் கூடவே வந்துவிடும்.

சேஃப்டி செயினுக்குக் காப்புச் சங்கிலி என்று வந்ததில் எல்லோருக்கும் சம்மதம் போலிருக்கிறது, எனக்கும்தான். இரண்டு சங்கிலியையும் ஏர்க்காலுக்கு அடியில் ஒன்றன் குறுக்கே ஒன்றாக மாற்றிக் கட்ட வேண்டும். பூட்டு கழன்றாலும் ஏர்க்கால் தார்ச்சாலையில் குத்தாமல் சங்கிலிப் பின்னலில் விழும். திருப்பத்தில் இழுபடாத அளவு தளர்வு இருக்க வேண்டும், தரையில் உரசக்கூடாது.

டிரெய்லர் இடவலமாக ஆடுவதற்கு வந்த ‘அலைவு’ எனக்குப் பிடிக்கவில்லை. அது ஊசலுக்கும் வானொலிக்கும் பழகிப்போன சொல். ஓட்டுநர்கள் ‘பின்னாடி வீசுது’ என்கிறார்கள், ஆகவே வால்வீச்சு. வால்வீச்சு வந்தால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு. மூன்றும் தாளில் வரும்.

> ஸ்டெப்னிக்குத் தமிழ் தேவையா?

பட்டறைக்குத் தேவையில்லை, ஸ்டெப்னி என்றே எழுதுவேன். ஆனால் நம் பட்டியலில் ‘சேமச் சக்கரம்’ இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியைப் பற்றிச் சொல்கிறார். பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ என்று அவர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதன் பெயர் சேம அச்சு. நாங்கள் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணம் உப்பளங்களின் ஓரமாகத்தான் போகிறது. அந்தச் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. நடைமுறையில் ஒன்று: டிரெய்லரின் சக்கர போல்ட் அமைப்பும் பிக்கப்பினுடையதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது. டிரெய்லருக்குத் தனிச் சேமச் சக்கரம் வேண்டும்.

மின்சாரம்: படை வண்டிகள் பல 24 வோல்ட், நம் பிக்கப் 12 வோல்ட். பழைய பல்பை அப்படியே விட்டால் மங்கலாகத்தான் எரியும், பின்னால் வருபவருக்குப் பிரேக் விளக்கு தெரியாது. பல்புகளை மாற்றிவிட வேண்டும். இதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டாம். பதிவு பற்றிக் கேட்டவருக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான், தனியாகப் பதிய வேண்டும். ஏலத் தாள்களை மச்சான் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கிளம்பி 20 கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி இரண்டு குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால், அந்தப் பக்கம் பேரிங் இறுக்கம் அல்லது கிரீஸ் காய்ந்திருக்கிறது. ‘குடச்சூடு’ என்று தாளில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு சொல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி பிக்கப்பின் மூலையில் இடிப்பதை என்ன சொல்லலாம்? மாட்டு வண்டியை யாரும் அப்படிப் பின்னால் தள்ளுவதில்லை என்பதால் பெரியவரிடமும் சொல் இல்லை. ‘மடிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், துணி மாதிரி இருக்கிறது. கரும்பு டிராக்டர் ஓட்டுபவர்கள் யாராவது பழக்கமென்றால் கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து